கயிற்றைச் சரிவாகப் பிடியுங்கள்

கேள்வி: வணக்கம் சேர். எனக்கு 20 வயது. பள்ளிக்கூடத்தில படிக்கேக்க ஈட்டி எறிதலில ரெண்டு வருசம் மாகாண மட்டத்தில பதக்கம் எடுத்தனான். உயர்தரத்தில கலைப்பிரிவு. மூண்டு பாடமும் சித்தி, ஆனா பெரிய பெறுபேறு எண்டு சொல்ல ஏலாது. உடற்கல்வி ரீச்சரா வரவேணும் எண்டு ஆசை. கல்வியியற் கல்லூரிக்குப் போடுறதோ, பயிற்றுநருக்கான டிப்ளோமா ஏதும் செய்யிறதோ எண்டு தெரியேல்ல. அப்பா, “பி.ரி. ரீச்சருக்கு ஆர் மதிப்புக் குடுக்கினம்? தமிழோ வரலாறோ எடு” எண்டு நிக்கிறார். பொம்பிளைப்பிள்ளை எவ்வளவு காலத்துக்கு வெயிலுக்குள்ள நிக்கிறது எண்டு அம்மா கேக்கிறா. இன்னொண்டும் கேக்கவேணும் சேர். நல்லா விளையாடுற ஒரு ஆளுக்கு உடற்றொழிலியல், உளவியல் எண்டு மூண்டு வருசப் படிப்புத் தேவையோ? நான் மைதானத்தில நிக்கத்தானே போறன்?
– வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கடைசியாக நீங்கள் கேட்டதற்குத்தான் முதலில் பதில் எழுதப் போகிறேன். அதே கேள்வியோடுதான் நானும் ஒரு காலத்தில் பயிற்சிக் கல்லூரி வாசலை மிதித்தேன். அதற்கு முன்பே இரண்டு வருடம் படிப்பித்துவிட்டேன் என்ற நினைப்பு வேறு.

அந்த இரண்டாம் வருடத்தில் என்னிடம் 13 வயதுப் பெடியன் ஒருவன் முப்பாய்ச்சல் பழகினான். வளர்த்தியான, நல்ல துள்ளல் உள்ள பிள்ளை. ஒருநாள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்க எலும்பு புடைத்து நிற்கும் இடத்தை விரலால் தொட்டு, “சேர், இதில நோகுது” என்றான். கோட்ட மட்டப் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது. நோ இல்லாமல் பதக்கம் வராது என்று சொல்லி, எண்ணெய் பூசிக்கொண்டு பாயச் சொன்னேன். பாய்ந்தான். மூன்றாம் இடம் வந்தான். அடுத்த வருடம் மைதானப் பக்கமே வரவில்லை. படிகளில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறுவதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு பயிற்சிக் கல்லூரியில் ஒரு பிற்பகல் விரிவுரை. விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு முழங்காலை வரைந்தார். முழங்காற்சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் கணைக்காலெலும்பின் மேற்பகுதியில் வந்து ஒட்டும் இடம், வளரும் பிள்ளைகளில் இன்னும் முற்றாகக் கடினமாகவில்லை என்றார். பிள்ளை திடீரென்று உயரும் வயதில் ஓயாமல் பாய வைத்தால் அந்த இடம் இழுபட்டு வீங்கி நோகும். பாய்ச்சலைக் குறைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் தானாக மாறும். அவர் கோடு போட்டுக் காட்டிய இடம், அந்தப் பெடியன் எனக்கு விரலால் தொட்டுக் காட்டிய அதே இடம். அன்றைக்கு நான் குறிப்பு ஒன்றும் எழுதவில்லை.

உடற்றொழிலியல் எதற்கு என்று கேட்டீர்களே மகள். ஒரு பிள்ளை வந்து “நோகுது” என்று சொல்லும்போது, அது ஆறவிட வேண்டிய நோவா, பொறுத்துக்கொள்ளக்கூடிய நோவா, உடனே வைத்தியரிடம் அனுப்ப வேண்டிய நோவா என்று பிரித்தறிய. உங்கள் தோள்மூட்டைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் முன்னால் நிற்கப்போகிற 35 பேரின் உடம்பு உங்கள் உடம்பு அல்ல. 2024 இல் கிழக்கில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்த செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகளை எட்டு ஒன்பது மணி வெயிலில் வீதியில் ஓடவிடும் ஆட்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, காய்ச்சல் ஏதும் இருந்ததா என்று ஓடுவதற்கு முன் கேட்கவும், சோர்ந்து தள்ளாடும் பிள்ளையை உடனே நிழலுக்குக் கொண்டுபோய் நனைத்துக் குளிர்விக்கவும் ஒருவரைப் பழக்குவதும் அந்த மூன்று வருடப் படிப்புத்தான்.

கணக்கும் வேண்டும் என்றால் சிரிப்பீர்களோ தெரியாது. தை, மாசி வந்தால் யாழ்ப்பாணம் முழுக்க இல்ல மெய்வல்லுநர் போட்டி. ஒரு பாடசாலையில் விருந்தினராகப் போயிருந்தேன். புல்மைதானம், ஒரு சுற்று 200 மீற்றர். சுண்ணாம்புக் கோடெல்லாம் வடிவாகப் போட்டிருந்தார்கள். 200 மீற்றர் ஓட்டத்தில் நாலாம் பாதையில் ஓடிய சின்னப்பிள்ளை ஒரு கை நீளத்தில் முதலாமிடத்தை விட்டாள். எனக்கு அந்தத் தொடக்கக் கோட்டில் ஒரு சந்தேகம். பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உருக்கு நாடா வாங்கி அளந்து பார்த்தேன். முதலாம் பாதைக்கு 20 மீற்றர் முன்னால் அவளை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியிருக்க வேண்டியது 23 மீற்றர் முன்னால்.

எப்படி 23? ஒரு பாதையின் அகலம் 1.22 மீற்றர். ஒவ்வொரு பாதை வெளியே போகப் போக வளைவின் ஆரை அவ்வளவால் கூடும். இரண்டு வளைவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு பாதைக்கு 2 தர 3.1416 தர 1.22, ஏறத்தாழ 7.67 மீற்றர். நாலாம் பாதை என்றால் அதன் மூன்று மடங்கு. மைதானம் சிறிதோ பெரிதோ, உட்பக்கம் மேடான விளிம்பு கட்டாத புல்மைதானத்தில் இந்தக் கணக்கு மாறாது. அங்கே யாரோ கால் அடி வைத்து அளந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட மூன்று மீற்றர் கூட ஓடித்தான் ஒரு கை நீளத்தில் தோற்றாள். அவளுக்கு அது இன்றைக்கும் தெரியாது. (நைலோன் கயிற்றால் வளைவு போடவேண்டாம். இழுக்க இழுக்க நீளும். நாலாம் வளைவுக்கு வரும்போது அரை அடி கூடிவிடும்.)

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். நல்ல வீராங்கனை ரீச்சரானதும் பெரும்பாலும் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. தான் வளர்ந்த முறையிலேயே எல்லோரையும் வளர்க்கப் பார்ப்பது. உயரம் பாய்தல் பாடத்தை எடுங்கள். தரம் 8, 35 பிள்ளைகள், 40 நிமிடம். தடியை 90 சென்ரிமீற்றரில் வைத்து எல்லோரையும் வரிசையில் விடுவோம். தட்டிய பிள்ளை வெளியே. பிறகு 95, பிறகு ஒரு மீற்றர். பத்து நிமிடத்தில் அரைவாசிப் பேர் வேலியோரம் வேம்பு நிழலில் குந்தியிருப்பார்கள். கடைசியில் நாலைந்து பேர் பாய்வார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். பாடம் கலகலப்பாக நடந்ததுபோல அதிபருக்கும் தெரியும். நடந்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். நன்றாகப் பாயத் தெரிந்த பிள்ளைக்குப் பத்துத் தடவை பயிற்சி கிடைத்தது. பாயத் தெரியாத பிள்ளைக்கு ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் 34 பேர் பார்த்திருக்கத் தட்டிவிட்டு வெளியே போனது. போட்டி அப்படித்தான் இருக்கும், அதில் பிழையில்லை. பாடவேளையைப் போட்டியாக்கினால் கூடுதலாகப் பழக வேண்டிய பிள்ளைதான் குறைவாகப் பழகும்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் காட்டித்தந்தது ஒரு சாதாரணக் கயிறு. தடிக்குப் பதிலாகக் கயிற்றைச் சரிவாகப் பிடிக்க வேண்டும். ஒரு முனை முழங்கால் உயரம், மறுமுனை நெஞ்சளவு. பிள்ளை தனக்கு ஏலுமான இடத்தில் பாயலாம். யாரும் வெளியே போவதில்லை. வகுப்பை நாலாகப் பிரித்து நாலு கயிறு கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு இருபதுக்குமேல் பாய்ச்சல் வரும். ஒரு முனையை மரத்தில் கட்டினாலும் மறுமுனையைக் கட்டக் கூடாது. ஒரு பிள்ளை தளர்வாகக் கையில் பிடித்திருந்து, காலில் பட்டதும் விட்டுவிட வேண்டும். மெத்தை இல்லாத இடத்தில் கத்தரிக்கோல் போலக் காலை மாற்றி வீசி, பாதத்தில் வந்து நிற்கிற பாய்ச்சல் மட்டும்தான்.

இதை முதன்முதல் செய்த நாளில், எப்போதும் “சேர், வயித்துக்குள்ள குத்துது” என்று ஒதுங்கி நிற்கிற ஒரு பிள்ளை, சப்பாத்தைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு முழங்கால் உயர முனைக்குப் போய் நின்றாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு பாய்ந்தாள். திரும்ப ஓடிவந்து அதே இடத்தில் பாய்ந்தாள். ஆறாவதோ ஏழாவதோ தடவை, ஒருவரும் சொல்லாமலே, உயரமான பக்கமாக ஒரு அடி தள்ளி நின்றாள். மணி அடிக்கும்போது மூன்று அடி நகர்ந்திருந்தாள். மாகாணப் பதக்கங்கள் எடுத்த பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள். என்றாலும் என் தொழில் எது என்று எனக்குப் புரிந்த நாள் அதுதான்.

பயிற்றுநரின் வேலை வேறு. அவர் ஒரு பிள்ளையோடு ஐந்தாறு வருடம் ஒரே கம்பத்தை, ஒரே ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த ஜெகதீஸ்வரன் அனித்தா கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தது அப்படியான நீண்ட உழைப்பின் பலன். அதற்குப் பொறுமை வேண்டும், ஒரு விளையாட்டின் அடிவேர் வரைக்கும் போகிற அறிவு வேண்டும். இன்றைக்கு எத்தனை எறி, நேற்று எத்தனை மணிக்கு நித்திரை, இந்த மாதம் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கொப்பியில் எழுதி வைக்கிற ஒழுங்கு வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. என் கருத்தைக் கேட்டால் முதலில் ஆசிரியை, அதன் மேல் பயிற்றுநர் தகைமை. பாடசாலைகளில் பயிற்றுநருக்குக் கிடைப்பது பல இடங்களில் பழைய மாணவர் சங்கம் கொடுக்கும் கொடுப்பனவுதான், நிர்வாகம் மாறினால் அதுவும் நின்றுபோகும். ஆசிரியையாக இருந்துகொண்டு மெய்வல்லுநர் பயிற்றுநர் சான்றிதழைப் படிப்படியாக எடுக்கலாம். நித்திய வருமானம் இல்லாமல் மைதானத்தில் நின்றவர்கள் நாற்பது வயதில் படுகிற பாட்டைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1985 இல் தொடங்கப்பட்டவை. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயில்வு, பிறகு ஆசிரியர் சேவைக்கு நியமனம். எங்களுக்குக் கோப்பாயில் ஒன்று இருக்கிறது. ஆனால் எந்தப் பாடநெறி எந்தக் கல்லூரியில், எந்த மொழிமூலத்தில், எத்தனை பேருக்கு என்பதெல்லாம் வர்த்தமானி அறிவித்தலில்தான் வரும். அதை வரிக்கு வரி நீங்களே வாசியுங்கள். ஆரும் சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம். விளையாட்டுச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளை இப்போதே ஒரு கோவையில் போட்டு வையுங்கள். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தி எடுங்கள். பட்டப்படிப்பு என்றால் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்றே விஞ்ஞானமாணிப் பட்டம் உண்டு. செயன்முறைச் சோதனை வைத்துத்தான் எடுப்பார்கள், படிப்பு ஆங்கிலத்தில். கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் டிப்ளோமா நடத்துகிறது. உங்கள் பெறுபேற்றோடும் வீட்டு நிலையோடும் பார்க்கும்போது கல்வியியற் கல்லூரிதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. முதல் நியமனம் வன்னிக்கோ தீவுப் பக்கமோ வரக்கூடும். அதற்கு இப்போதே மனதைத் தயார்படுத்துங்கள். அங்கே உடற்கல்வி ரீச்சரையே காணாமல் தரம் 11 வரைக்கும் வந்த பிள்ளைகள் இருப்பார்கள்.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை அவருக்குத் தெரிந்திருக்கும். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக் இரண்டுக்கும் போனவர். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதே மனிதர் அமெரிக்காவில் விவசாய விஞ்ஞானம் படித்துக் கலாநிதியும் ஆனவர். விளையாட்டுக்குப் போகிற பிள்ளை படிப்பை விட்ட பிள்ளை என்று எங்கள் ஊரில் பேசுவது பிற்காலத்தில் ரியூசனோடு வந்த பழக்கம். முந்தைய தலைமுறையில் இங்கிருந்து கடல் கடந்து போய், ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920 இல் சென்னையில் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்று வந்தவர்களும் உண்டு. அவர்களை ஊர் “மாஸ்ரர்” என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டது.

ஆனால் அப்பா சொல்வதில் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ சாதாரணதரப் பரீட்சைக்கு உள்ள பாடம். என்றாலும் பரீட்சை கிட்ட வந்தால் கணித ரீச்சர் வந்து உங்கள் பாடவேளையைக் கேட்பா. ஒலிபெருக்கி கட்டுவது, கதிரை அடுக்குவது, பிந்தி வரும் பிள்ளைகளை வாசலில் மறிப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும். கதிரை அடுக்குங்கள், பரவாயில்லை. பாடவேளையை மட்டும் கொடுக்காதீர்கள். முதல் தவணையிலேயே, சண்டை பிடிக்காமல், அதிபரிடம் பாடத்திட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டி இதைச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை கொடுத்தால் அது வழக்கமாகிவிடும்.

அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. வெயிலை நேர அட்டவணையால் சமாளிக்கலாம். பயிற்சியைக் காலை ஆறரைக்கு வையுங்கள் அல்லது நாலரைக்குப் பிறகு வையுங்கள். காண்டாவனக் காலத்தில் ஓட்டத்தைக் குறைத்து நிழலில் செய்யக்கூடியவற்றை எடுங்கள். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்குள்ளேயே நீங்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வேண்டும் என்பதற்கான காரணமும் இருக்கிறது. தரம் 7 வரைக்கும் பெடியன்களோடு போட்டிக்கு ஓடின பிள்ளைகள், வயதுக்கு வந்தபின் ஒவ்வொருவராக மைதானத்தை விட்டுப் போவதை நான் முப்பது வருடமாகப் பார்த்தேன். என்னிடம் ஒரு பிள்ளையும் காரணம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். மாதவிடாய் நாளில் விளையாடலாமா, ஓடும்போது என்ன உள்ளாடை அணிய வேண்டும், காற்சட்டைக்கு வீட்டில் ஏசினால் என்ன செய்வது என்று கேட்க அவளுக்கு ஒரு ரீச்சர் வேண்டும். நான் எவ்வளவு படித்திருந்தும் அந்த இடத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. உங்களால் முடியும். அம்மாவிடம் இதை இப்படியே வாசித்துக் காட்டலாம்.

கல்லூரிக்கு அழைப்பு வரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கத்திடமோ சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையிடமோ முதலுதவி பழகுங்கள். இந்த வருட இல்லப் போட்டிக்கு உங்கள் பழைய பாடசாலையில் மைதானம் கீறுவதற்கு நாடா பிடிக்கக் கேளுங்கள். சின்ன வகுப்புகளுக்குச் சிரட்டையை அடையாளமாக வைத்து, பழைய சைக்கிள் ரயரை வளையமாக வைத்து என்னென்ன விளையாட்டு உண்டாக்கலாம் என்று யோசியுங்கள். கிளித்தட்டை மறந்துவிடாதீர்கள். ஒரு சதம் செலவில்லாமல் உடம்பைத் திருப்பவும் வெட்டி ஓடவும் எதிராளியின் கண்ணைப் பார்க்கவும் பழக்குகிற விளையாட்டு அதைப்போல இன்னொன்று எனக்குத் தெரியாது. ஈட்டியையும் விடவேண்டாம். கிழமையில் இரண்டு நாள் போதும்.

அதற்கு முன் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். பழைய பாடசாலைக்குப் போய் அதிபரிடம் அனுமதி கேட்டு, ஒரு உடற்கல்விப் பாடத்தை ஓரமாக இருந்து பாருங்கள். நன்றாக விளையாடுகிற பிள்ளைகளை விட்டுவிட்டு, உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுங்கள். அந்த 40 நிமிடத்தில் அவளுடைய கையில் எத்தனை தடவை பந்து வந்தது, எத்தனை நிமிடம் நின்றபடி நின்றாள் என்று கொப்பியில் கோடு போட்டு எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்புங்கள் மகள். விண்ணப்பப் படிவம் நிரப்புவதைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.